எம்ஜிபி ஜிடி பின் ஆக்சில்: காலை எடுத்தால் ஊளை, கிளட்ச் விட்டால் ‘டொக்’. எதை முதலில் பார்ப்பது?

நீலக்கூபே:

வணக்கம் நண்பர்களே. வண்டி 1973 எம்ஜிபி ஜிடி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்). டியூப் வகைப் பின் ஆக்சில், 3.909 ரேஷியோ, எல்ஹெச் வகை ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்), கம்பிச் சக்கரம்.

பினியன் (பின் ஆக்சிலுக்குள் சுழற்சியைக் கொண்டுவரும் சிறு பல்சக்கரம்) ஆயில் சீல் ஒழுகியதால் ஒரு பட்டறையில் புது சீல் போடப்பட்டது. அதற்குப் பிறகு சுமார் 1500 கி.மீ. ஓடியிருக்கிறது. இப்போது இரண்டு சத்தம்.

1. 95 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னாலிருந்து ‘ஊ...’ என்று ஊளை கிளம்புகிறது. வேகம் இறங்க இறங்கச் சுருதியும் இறங்கி, 65க்குக் கீழே அடங்கிவிடுகிறது. மிதித்து ஓட்டும்போது கிட்டத்தட்ட இல்லை.

2. முதல் கியரிலோ ரிவர்ஸிலோ கிளட்சை விடும்போது ‘டொக்’ என்று ஒரே ஒரு அடி. மிதித்து விட்டு மறுபடி மிதித்தாலும் அதே அடி.

ஆயில் அளவு சரி. டயர்களை முன்பின் மாற்றிப் பார்த்தாயிற்று, வித்தியாசம் இல்லை. “கிரவுன் பினியன் (பினியனும் அது சுழற்றும் பெரிய பல்சக்கரமும்) போயிடுச்சு, செட்டா மாத்திடுங்க” என்கிறார்கள். அதற்கு முன் நானே என்னென்ன சோதித்துப் பார்க்கலாம்? எந்த வரிசையில்?


பல்சக்கரம்:

கிரவுன் பினியனை மாற்றும் பேச்சை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். நீங்கள் சொல்வது இரண்டு வேறு வேறு கோளாறு. ஊளைக்கு ஒரு காரணம், ‘டொக்’குக்கு இன்னொரு காரணம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால்தான் நல்ல பல்லெல்லாம் குப்பைக்குப் போகும்.

முதலில் ஊளை டிஃபரன்ஷியலில் (பின் ஆக்சில் நடுவே இருக்கும் பல்சக்கரத் தொகுதி) இருந்துதான் வருகிறதா என்று உறுதிசெய்யுங்கள். ஜிடியின் பின் கதவுக்கு அடியில் இருக்கும் அறை ஒரு மத்தளம் மாதிரி. கியர்பாக்ஸ் சத்தமும் எக்ஸாஸ்ட் குழாய் உடலில் உரசும் சத்தமும்கூடப் பின்னாலிருந்து வருவது போலத்தான் கேட்கும்.

சமதளமான சாலையில் 80 கி.மீ. வேகத்தில் நான்காவது கியரில் போங்கள். ஓவர்டிரைவ் போட்டு அதே 80இல் கேளுங்கள். பிறகு மூன்றாவதில், அதே 80. எஞ்சின் வேகம் மூன்று தடவையும் வேறு, புரொபெல்லர் ஷாஃப்டின் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் தண்டு) வேகம் ஒன்றே. சுருதி மாறாமல் இருந்தால் சத்தம் ஓவர்டிரைவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. சுருதி மாறினால் எஞ்சின் அல்லது கியர்பாக்ஸ். இன்னொரு துப்பு: நான்காவது கியர் நேரடி கியர், அதில் லேஷாஃப்டுக்கு (கியர்பாக்ஸுக்குள் இருக்கும் துணைத் தண்டு) சுமை கிடையாது. மூன்றாவதில் மட்டும் ஊளையிட்டு நான்காவதில் அடங்கினால் கியர்பாக்ஸைப் பாருங்கள்.

அடுத்தது சுருதியை எண்ணாகவே அளப்பது. உங்கள் ஆக்சிலில் பினியனுக்கு 11 பல், கிரவுனுக்கு 43 பல். நான்காவதில், ஓவர்டிரைவ் இல்லாமல், டாக்கோமீட்டர் காட்டுவதுதான் பினியனின் சுற்று. அதை 11ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால், ஒரு விநாடிக்கு எத்தனை பல் கடிபடுகிறது என்று கிடைக்கும். இந்த வண்டி 1000 சுற்றுக்குச் சுமார் 28.8 கி.மீ. வேகம் போகும். எனவே 80இல் சுமார் 2780 சுற்று, அதாவது 510 ஹெர்ட்ஸ். 95இல் 605, 65இல் 414. கைப்பேசியில் ஒலி அலைவரிசையைப் படமாகக் காட்டும் செயலி ஒன்றைப் போட்டு, பின் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்துப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். ஊளை கேட்கும்போது அந்த இடத்தில் ஊசி மாதிரி ஒற்றைக் கூர் எழுந்து, வேகத்தோடு சேர்ந்து இறங்கினால் சந்தேகமே வேண்டாம், பல் கடிபடும் சத்தம்தான்.

அதே 80இல் மற்றவை எங்கே விழும் என்றால்: புரொபெல்லர் ஷாஃப்ட் சமநிலை தப்பியிருந்தால் 46 ஹெர்ட்ஸ், காதால் கேட்பதைவிட இருக்கையில் அதிர்வாகத் தெரியும். யூ ஜாயின்ட் (அந்த ஷாஃப்டின் முனைகளில் இருக்கும் மடங்கும் மூட்டு) கோளாறு அதைப்போல் இரண்டு மடங்கு, 93. சக்கரம் சம்பந்தப்பட்டது விநாடிக்குச் சுமார் 12. பேரிங்கில் குழி விழுந்திருந்தால் ஒற்றைக் கூராக வராது, ‘கரகர’ என்று பரவலான இரைச்சலாக வரும். மிதித்தாலும் விட்டாலும் பெரிதாக மாறாது. சக்கர பேரிங் என்றால் வளைவில் தெரிந்துவிடும்: இடப்பக்கம் வளையும்போது கூடினால் வலப்பக்க பேரிங், வலப்பக்கம் வளையும்போது கூடினால் இடப்பக்கம்.

இந்தச் சோதனைகளை முடித்துவிட்டு எண்களோடு வாருங்கள். “மிதித்தால் இல்லை, விட்டால் மட்டும்” என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருப்பதாக எனக்குப் படுகிறது.


திருப்புளி:

‘டொக்’ பத்தி மட்டும் சொல்றேன். கம்பிச் சக்கரம்னு சொன்னதும் முதல் சந்தேகம் அதுமேலதான். ஹப்புல சக்கரம் உக்கார்ற இடத்துல நீளவாக்குல வெட்டியிருக்கிற ஸ்ப்லைன் பல்லு தேஞ்சா அப்படியே டிஃபரன்ஷியல் அடி மாதிரியே கேக்கும்.

பார்க்கிற விதம்: முன் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. பின் பக்கம் ஒரு சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டுல வைங்க. ஹேண்ட்பிரேக்கை இறுக்கிப் பிடிங்க. டிரம் ஹப்போட சேந்து நின்னுடும். இப்போ டயரை ரெண்டு கையாலயும் பிடிச்சு முன்னும் பின்னும் சுத்தற மாதிரி அசைங்க. ஹப் நிக்க, சக்கரம் மட்டும் அசைஞ்சா ஸ்ப்லைன் தேய்மானம். சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற மொட்டை நட்டை (ஸ்பின்னர்) முதல்ல நல்லா இறுக்கிட்டுத்தான் பார்க்கணும், லூசா இருந்தாலும் இதே ஆட்டம் வரும்.

கழட்டிப் பார்த்தா பல்லோட உச்சி தட்டையா இருக்கணும். கத்தி முனை மாதிரி கூரா இருந்தா ஹப்பையும் சக்கரத்தையும் சேத்தே மாத்தணும். பழைய ஹப்புல புதுச் சக்கரம் போட்டா அது புதுசையும் சீக்கிரம் தின்னுடும். ஹப் வாங்கும்போது இடது வலது மாறிடக் கூடாது. வண்டி முன்னால போகும்போது சக்கரம் எந்தப் பக்கம் சுத்துதோ அந்தப் பக்கம் திருப்பினா ஸ்பின்னர் கழலணும், அதுதான் சரி. மாறிப் போச்சுன்னா ஓட்டத்துல தானே கழண்டுடும். உயிர் விஷயம், ரெண்டு தடவை பாருங்க.

அடுத்தது யூ ஜாயின்ட் ரெண்டும். ஒரு கை ஷாஃப்டுல, ஒரு கை ஃபிளாஞ்சுல (ஷாஃப்டை போல்ட் போடற தட்டு) வெச்சு எதிரெதிரா முறுக்குங்க. துளி ஆட்டமும் இருக்கக் கூடாது. கப் ஓரத்துல செம்மண் மாதிரி தூள் ஒட்டியிருந்தா உள்ள ஊசி பேரிங் காஞ்சு போச்சுன்னு அர்த்தம். பின் ஃபிளாஞ்சோட நாலு போல்ட்டும் இறுக்கமா இருக்கான்னு ஸ்பேனர் வெச்சே பாருங்க. சீல் மாத்தினப்ப கழட்டினதாச்சே.

பின் பட்டை ஸ்பிரிங்கோட யூ போல்ட்டு, அதுக்கு நடுவுல இருக்கிற ரப்பர், ரெண்டையும் பாருங்க. ரப்பர் நசுங்கிப் போயிருந்தா ஆக்சில் மொத்தமும் முறுக்கிக்கிட்டு அடிக்கும்.


அச்சாணி:

இருவரும் சொன்னது சரியான வரிசை. ஊளை விஷயத்தில் நான் கொஞ்சம் ஆழமாகப் போகிறேன், ஏனென்றால் சீல் மாற்றியதற்கும் இந்தச் சத்தத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம்.

டியூப் ஆக்சிலில் பினியன் இரண்டு டேப்பர் பேரிங்குகளில் நிற்கிறது. தலைப் பக்கம் ஒன்று, ஃபிளாஞ்ச் பக்கம் ஒன்று. நடுவில் நசுங்கும் ஸ்பேசர் (மெல்லிய இரும்புக் குழல்) ஒன்று உண்டு. பினியன் நட்டை இறுக்கும்போது அந்தக் குழல் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கி, இரு பேரிங்குகளுக்கும் ஒரு முன் அழுத்தம் கிடைக்கிறது. ப்ரீலோடு என்பது இதுதான். பல்லின் ஆழத்தை முடிவுசெய்வது தலைப் பக்க பேரிங்குக்கு அடியில் இருக்கும் ஷிம் (அளவான மெல்லிய வளையம்). நட்டு முடிவுசெய்வது ப்ரீலோடை மட்டும்.

சீல் மாற்ற அந்த நட்டைக் கழற்றியே ஆகவேண்டும். திரும்பப் போடும்போது இரண்டு தவறு நடக்கும். குத்துமதிப்பாக இறுக்கி, பழைய இடம்வரை போகாமல் விட்டுவிடுவது ஒன்று. ஏர் கன் வைத்துக் கதறக் கதற இறுக்கி, ஸ்பேசரை அளவுக்கு மேல் நசுக்கிவிடுவது இன்னொன்று.

அதிகம் இறுகியிருந்தால் ஊளை மிதித்தாலும் வரும், விட்டாலும் வரும். அரை மணி நேரம் ஓட்டியபின் பினியன் மூக்கில் (ஆக்சில் கூட்டின் ஃபிளாஞ்ச் பக்க முனை) கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். தளர்ந்திருந்தால் கதை வேறு. மிதித்து ஓட்டும்போது பல்லின் சாய்வு பினியனை முன்பக்கமாகத் தள்ளுகிறது. தலைப் பக்க பேரிங் அதைத் தாங்குகிறது, ஷிம் வைத்த இடத்தில் பினியன் அசையாமல் நிற்கிறது, சத்தம் இல்லை. காலை எடுத்ததும் விசை தலைகீழாகிறது. பினியன் கிரவுனை நோக்கி உள்ளே இழுபடுகிறது. அப்போது அதைப் பிடித்துவைக்க வேண்டியது ஃபிளாஞ்ச் பக்க பேரிங். ப்ரீலோடு இல்லையென்றால் பினியன் அந்த இடைவெளி அளவுக்கு உள்ளே நகர்ந்து, பல் அதிக ஆழத்தில் கடித்து ஊளையிடுகிறது. உங்கள் விவரிப்பு இதோடுதான் பொருந்துகிறது.

ஊகத்தில் விடாமல் அளந்துவிடுவோம். இரண்டு அளவு போதும்.

ஒன்று, பினியனின் நீளவாக்கு ஆட்டம். பின் சக்கரம் இரண்டையும் தூக்கி, ஆக்சில் குழாயின் இரு பக்கமும் ஸ்டாண்டு வையுங்கள். புரொபெல்லர் ஷாஃப்டும் ஃபிளாஞ்சும் சேரும் இடத்தில் இரண்டின் மீதும் சுண்ணக்குறியோ பஞ்ச் குறியோ போட்டுவிட்டுக் கழற்றுங்கள். மாற்றி மாட்டினால் பிறகு அதிர்வைத் துரத்த வேண்டியிருக்கும். டயல் கேஜின் காந்தப் பாதத்தை ஆக்சில் கூட்டில் ஒட்டி, முள்ளை ஃபிளாஞ்சின் முகத்தில் வைத்து, ஃபிளாஞ்சை முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். முள் அசையவே கூடாது. 0.02 மி.மீ. தெரிந்தாலும் ப்ரீலோடு போய்விட்டது என்று பொருள்.

இரண்டு, சுழற்றத் தேவையான விசை. சக்கரங்களையும் பிரேக் டிரம்களையும் கழற்றிவிடுங்கள், பிரேக் ஷூ உரசினால் அளவு பொய்யாகிவிடும். கெட்டியான பிளைவுட்டில் 102 மி.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் வெட்டி, நடுவில் நட்டு சாக்கெட் நுழையும் அளவுக்குத் துளையிட்டு ஃபிளாஞ்சில் போல்ட் போடுங்கள். விளிம்பில் நூலைச் சுற்றி, நுனியில் ஸ்பிரிங் தராசை மாட்டி, சீராக இழுத்துச் சுழற்றுங்கள். ஏன் 102 என்றால், அந்த ஆரத்தில் தராசு காட்டும் 1 கிலோ அப்படியே 1 நியூட்டன் மீட்டர். கிளம்பும் கணத்தில் காட்டும் அளவை விட்டுவிட்டு, சுழன்றுகொண்டிருக்கும்போது காட்டுவதை எழுதுங்கள். பத்துச் சுற்றாவது சுற்றவிட்டு எடுங்கள்.

பணிமனைக் கையேட்டில் இந்த ஆக்சிலுக்குப் பினியன் ப்ரீலோடு 14 முதல் 18 பவுண்டு-இன்ச், அதாவது 1.6 முதல் 2.0 நியூட்டன் மீட்டர். அது புது பேரிங்குக்கு. ஓடிப் பழகிய பேரிங்குக்கு அவ்வளவு வைக்கக் கூடாது.

சுழற்றும்போது கையில் வரும் உணர்வையும் கவனியுங்கள். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனால் பேரிங் பிழைத்திருக்கிறது. மணல் அரைபடுவது போலவோ, ஒரே இடத்தில் தடுக்குவது போலவோ இருந்தால் இறுக்கிப் பயனில்லை.

கட்டக் கடைசியாக ஒன்று: ஃபிளாஞ்சைப் பிரித்திருக்கும்போதே, சக்கரங்களை மாட்டித் தரையில் இறக்கி, நியூட்ரலில் ஃபிளாஞ்ச் எத்தனை பாகை வெறுமனே திரும்புகிறது என்றும் அளந்துவிடுங்கள். ‘டொக்’குக்கு அது வேண்டும்.


நீலக்கூபே:

மிக்க நன்றி. எல்லாம் அளந்தாயிற்று.

3200 சுற்றில் 585 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒற்றைக் கூர். காலை எடுத்தால் எழுகிறது, மிதித்தால் அமுங்குகிறது. ஓவர்டிரைவ் போட்டாலும் அதே வேகத்தில் அதே இடம்.

பினியன் நீளவாக்கு ஆட்டம் 0.08 மி.மீ. சுழற்சி விசை 0.45 கிலோ. சுழற்றும்போது வழுவழுப்பாக இருக்கிறது, தடுக்கல் இல்லை.

யூ ஜாயின்ட் இரண்டும் இறுக்கம். வலப்பக்கச் சக்கரம் ஸ்ப்லைனில் டயர் விளிம்பில் சுமார் 2 மி.மீ. அசைகிறது, இடது அசையவில்லை. ஃபிளாஞ்ச் வெறுமனே 11 பாகை திரும்புகிறது.

பின் மூடியைத் திறந்து ஆயிலை வடித்தேன். வெள்ளித் தூள் இல்லை. செம்பு நிறத்தில் மெல்லிய செதில்கள் கொஞ்சம், கருப்பாக நார் போன்ற துணுக்கு இரண்டு மூன்று. பல்லில் உடைசல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

11 பாகை என்றால் கிரவுன் பினியன் தேய்ந்துவிட்டதுதானே?


அச்சாணி:

இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையே இருக்க வேண்டிய பல்லிடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, ஒன்றரைப் பங்குதான். கிரவுனின் ஆரத்தை 85 மி.மீ. என்று வைத்தால் 0.15 மி.மீ. இடைவெளி கிரவுனில் 0.1 பாகை. பினியனில் 3.9 மடங்கு, அதாவது 0.4 பாகை. பல் தேய்ந்து இடைவெளி மூன்று மடங்கானாலும் 1.2 பாகைதான் வரும். 11 பாகை கிரவுனிலிருந்து வரவேண்டுமானால் பல் பாதி காணாமல் போயிருக்க வேண்டும். மீதி ஆட்டம் முழுக்க டிஃபரன்ஷியல் கூண்டுக்குள் இருக்கும் சிறு பல்சக்கரங்களிலும், அரை ஷாஃப்டின் (கூண்டிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) ஸ்ப்லைனிலும், வலப்பக்க ஹப்பிலும் இருக்கிறது. ஆயிலில் வந்த செம்புச் செதிலும் நார்த் துணுக்கும் அதற்குச் சாட்சி. அதைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள்.

இப்போது ஊளை. 0.08 மி.மீ. ஆட்டம் இருப்பதால் ப்ரீலோடு பூஜ்யம். ஆகவே நீங்கள் அளந்த 0.45 முழுவதும் சீலின் உரசலும் பக்கவாட்டு பேரிங்குகளின் சுமையும்தான். அதன்மேல் 0.6 முதல் 0.8 வரை கூட்டினால் பழகிய பேரிங்குக்குப் போதும். அதாவது உங்கள் இலக்கு தராசில் 1.05 முதல் 1.25 கிலோ.

ஃபிளாஞ்சில் ஒரு மீட்டர் நீள இரும்புப் பட்டையைப் போல்ட் போட்டுத் தரையில் முட்டுக் கொடுங்கள். நட்டின் தற்போதைய இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நீளக் கைப்பிடி வைத்து, ஒரு தடவைக்கு 3 முதல் 5 பாகை மட்டும் திருப்புங்கள். ஆட்டம் தீரும்வரை தராசில் ஒன்றும் மாறாது, அதை நம்பி வேகமாகப் போகக் கூடாது. ஆட்டம் தீர்ந்ததும் அடுத்த சில பாகைக்குள்ளேயே அளவு சட்டென்று ஏறும். ஒவ்வொரு தடவையும் பட்டையைக் கழற்றி, இரு பக்கமும் பத்துப் பத்துச் சுற்று சுழற்றி உருளைகளை உட்காரவைத்து, அப்புறம் அளவு எடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் அவசரப்பட்டால் திரும்பி வர வழியில்லை.

தாண்டிவிட்டால் நட்டைப் பின்னுக்குத் தளர்த்திச் சரிசெய்ய நினைக்காதீர்கள். ஸ்பேசர் நசுங்கினது நசுங்கினதுதான், நிமிராது. தளர்த்தினால் பேரிங் வளையங்களுக்கு இடையே பிடிப்பே இருக்காது, நட்டும் கழலும். புது ஸ்பேசர் போட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்னொரு விஷயம். சீல் ஏன் ஒழுகியது? ஆக்சில் குழாயின் மேல் இருக்கும் மூச்சுத்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் சூடேறும்போது உள்ளே காற்றழுத்தம் கூடி, எந்தப் புது சீலையும் தாண்டி ஆயிலைத் தள்ளும். மெல்லிய கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். ஃபிளாஞ்சில் சீலின் உதடு உட்காரும் இடத்தில் நகத்தால் வருடிப் பாருங்கள். பள்ளம் நகத்தில் தட்டினால் அங்கே மறுபடி ஒழுகும்.


மசகு:

செம்புச் செதிலும் நார்த் துணுக்கும் பார்த்ததும் எழுதத் தோன்றியது. கூண்டுக்குள் குறுக்கு ஊசியில் சுழலும் இரண்டு சிறு பல்சக்கரத்துக்குப் பின்னால் கிண்ணம் மாதிரி வளைந்த செம்பு வாஷர் உண்டு. அரை ஷாஃப்ட் நுழையும் பக்கச் சக்கரம் இரண்டுக்கும் பின்னால் தட்டையான நார் வாஷர். இந்த நான்கும் தேய்ந்தால் பல்சக்கரங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, திசை மாறும்போதெல்லாம் இடிக்கும். எம்ஜிபியின் ‘டொக்’குக்கு மிகப் பழகிய காரணம் இதுதான். நல்ல விஷயம், டியூப் ஆக்சிலில் கிரவுனைத் தொடாமல், ஆக்சிலை இறக்காமல், வண்டியிலேயே வைத்து மாற்றிவிடலாம்.

பின் மூடி திறந்திருக்கிறது. அரை ஷாஃப்ட் இரண்டையும் உருவ வேண்டும். ஹப் நட்டின் பிளவு ஊசியை எடுத்து நட்டைக் கழற்றி (இறுக்க அளவு 150 பவுண்டு-அடி, சுமார் 203 நியூட்டன் மீட்டர், அதனால் கழற்றவும் பெரிய கைப்பிடி வேண்டும்), ஹப், பிரேக் குழாய், பின்தட்டு என்று ஒவ்வொன்றாக எடுத்து, வழுக்குச் சுத்தியலால் ஷாஃப்டை இழுங்கள். அந்தப் பக்கத்து ஆயில் சீல்களையும் அப்போதே மாற்றிவிடுங்கள், பழையதைத் திரும்பப் போட்டால் பிரேக் ஷூவில் ஆயில் இறங்கும்.

கிரவுனைச் சுழற்றி, குறுக்கு ஊசியைப் பிடித்திருக்கும் சுருள் பின் கைக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுவந்து, சரியான விட்டமுள்ள பஞ்ச்சால் தட்டி எடுங்கள். குறுக்கு ஊசியைத் தள்ளி வெளியே எடுங்கள். பக்கச் சக்கரத்தைக் கையால் சுழற்றினால் சிறு பல்சக்கரம் இரண்டும் செம்பு வாஷரோடு உருண்டு ஜன்னல் வழியாக வந்துவிடும். பிறகு பக்கச் சக்கரங்கள்.

நார் வாஷர் பல சமயம் முழுசாக இருக்காது. துணுக்கு ஒவ்வொன்றையும் சேர்த்து வைத்துப் பொருத்திப் பாருங்கள், விடுபட்ட துண்டு குழாய்க்குள் கிடக்கக் கூடாது. குறுக்கு ஊசியில் பல்சக்கரம் ஓடும் இடத்தை நகத்தால் வருடுங்கள். படி தட்டினால் ஊசியையும் மாற்றுங்கள், வாஷர் மட்டும் போட்டால் பாதி ஆட்டம் அப்படியே இருக்கும்.

புது வாஷர்களுக்கு ஆயில் தடவி, அதே வழியில் உள்ளே உருட்டுங்கள். இரண்டு சிறு பல்சக்கரமும் நேர் எதிரே உட்காரவில்லை என்றால் ஊசி நுழையாது. ஒரு பல் தள்ளிப் போடுங்கள். முடிந்ததும் கையால் சுழலவேண்டும், ஆனால் தட்டினால் ஆடக் கூடாது. புது சுருள் பின்.

ஆயில்: ஹைபாய்டு பல்லுக்கான (கிரவுன் பினியனின் வளைந்த பல்) ஜிஎல்-5 என்ற கியர் ஆயில் தரத்தில் ஈபி 90 அல்லது 80டபிள்யூ-90. டியூப் ஆக்சிலுக்குச் சுமார் 0.85 லிட்டர், நிரப்பும் துளையின் கீழ் விளிம்பைத் தொடும்வரை. ஜிஎல்-5 செம்பைத் தின்னும் என்ற பயத்தில் ஜிஎல்-4 ஊற்றுகிறவர்கள் உண்டு. ஹைபாய்டு பல் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே கடிக்கிறது, அந்த அழுத்தத்துக்கு ஜிஎல்-4 போதாது. வாஷரைக் காப்பாற்றப் போய் பல்லைப் பலிகொடுக்க வேண்டாம். ஊளையை மறைக்க 140 என்ற கெட்டியான ஆயில் ஊற்றுவதும் வேண்டாம். இதே ஆயிலைக் கியர்பாக்ஸிலும் ஊற்றிவிடாதீர்கள், அங்கே ஓவர்டிரைவுக்கும் சேர்த்து 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில்தான்.

வரிசை முக்கியம்: ஷாஃப்டை உருவி வாஷரை முதலில் முடியுங்கள். அரை ஷாஃப்ட் வெளியே இருக்கும்போதே பினியனை மறுபடி அளந்து, அந்த அளவை அடிப்படையாக வைத்து நட்டை இறுக்குங்கள். ஹப்பின் உரசல் கலக்காமல் எண் சுத்தமாக வரும்.


பல்சக்கரம்:

மசகு சொன்ன வரிசையையே பிடித்துக்கொள்ளுங்கள். இலக்கு மட்டும் மாறும்: ஷாஃப்ட் இல்லாமல் புதிதாக அளக்கும் எண்ணோடு 0.6 முதல் 0.8 கூட்டுங்கள், 1.05 என்ற பழைய கணக்கை எடுக்காதீர்கள்.

மூடி திறந்திருக்கும்போது பல் தடத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், செலவில்லாத சோதனை. நட்டை இறுக்கி முடித்தபின் கிரவுனின் நான்கு பல்லில் மஞ்சள் நிறக் குறிப் பசையை மெல்லிசாகத் தடவி, ஒருவர் கிரவுனை மரக்கட்டையால் லேசாக அழுத்தித் தடுக்க, இன்னொருவர் ஃபிளாஞ்சை இரு திசையிலும் சுழற்றட்டும். பசை விலகிய இடம் பல்லின் நடுவே, கொஞ்சம் உள்முனைப் பக்கம் சாய்ந்து, உச்சியையும் அடியையும் தொடாமல் நீள்வட்டமாக இருந்தால் ஷிம்மில் கை வைக்க வேலையே இல்லை. அந்தத் தடமும் பல்லில் மெருகேறிய இடமும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிறதா என்றும் பாருங்கள். விழுந்தால் பினியன் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது.

தடம் சரியில்லை என்று தோன்றினாலும், பழகிய கிரவுன் பினியனை ஷிம் மாற்றி ‘சரிசெய்ய’ இறங்காதீர்கள். இத்தனை வருடம் ஒன்றையொன்று தேய்த்து உருவாக்கிக்கொண்ட தடம் அது. இடம் மாற்றினால் மெருகேறாத பரப்பில் கடித்து, இருந்ததைவிட அதிகமாகக் கத்தும். கூண்டை வெளியே எடுக்கவும் கூட்டை அகட்டும் கருவி வேண்டும், கடப்பாரை வைத்து நெம்பினால் கூடு கோணிப்போகும். பக்க பேரிங் மூடி இரண்டும் இடம் மாறவே கூடாது.

மாட்டி முடித்ததும் முதல் 30 கி.மீ. மெதுவாக ஓட்டி நிறுத்தி, பினியன் மூக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. கை வைக்க முடியாமல் சுட்டால் அதிகம் இறுகிவிட்டது, மேற்கொண்டு ஓட்ட வேண்டாம். சுடவில்லையென்றால் 300 கி.மீ.க்குப் பிறகு டயல் கேஜை மறுபடி வைத்து ஆட்டம் பூஜ்யமா என்று பாருங்கள். அப்போதும் ஆட்டம் தெரிந்தால் ஃபிளாஞ்ச் பக்க பேரிங் தேய்ந்திருக்கிறது, திரும்பவும் இறுக்காமல் இரு பேரிங்கும் புது ஸ்பேசரும் போட்டுவிடுங்கள்.


திருப்புளி:

ஸ்டாண்டுல வெச்சு எஞ்சினைப் போட்டு சத்தம் கேக்கணும்னு நினைச்சா ரெண்டு பின் சக்கரமும் தரையை விட்டு மேல இருக்கணும். ஒண்ணு தரையில ஒண்ணு மேலன்னு கியர் போட்டா வண்டி ஸ்டாண்டை விட்டுப் பாய்ஞ்சிடும். ஒரு சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்திட்டு இன்னொண்ணை வேகமா ஓடவிடவும் கூடாது, உள்ள இருக்கிற சின்னப் பல்சக்கரம் ஆயில் இல்லாம குறுக்கு ஊசியில ஒட்டிக்கும். சுமை இல்லாததால கால் எடுத்தா வர்ற ஊளை ஸ்டாண்டுல சரியா கேக்கவும் கேக்காது, சாலையில போய்ப் பாக்கறதுதான் சரி.

வலது ஹப்பையும் சக்கரத்தையும் இந்தத் தடவையே மாத்திடுங்க. ஹப் எப்படியும் கையில கழண்டு வரப்போகுது. புது ஸ்ப்லைன்ல கிரீஸ் மெல்லிசா தடவி மாட்டி, 50 கி.மீ. ஓட்டினதும் ஸ்பின்னரை மறுபடி ஒரு தட்டு தட்டி இறுக்கிடுங்க.